ஞானப்பல் எடுக்கும்போது மூச்சு நின்றுவிடுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் ஒரு பல் கிளினிக்கில் டொக்டருக்குப் பக்கத்தில் நின்று, வாயில் சேரும் தண்ணீரை உறிஞ்சும் சக்‌ஷன் குழாய் பிடிப்பது என் வேலை. ஞானப்பல்லுக்கு வருகிறவர்கள் வலியைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள் என்று நினைப்பீர்கள். ஆனால் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்பதெல்லாம் மூச்சைப் பற்றித்தான். டொக்டரிடம் கேட்கக் கூச்சம், "இதெல்லாம் ஒரு கேள்வியா" என்று நினைத்துவிடுவாரோ என்ற தயக்கம். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, டொக்டர்களிடமும் ஒப்பரேஷன் தியேட்டரில் வேலை செய்கிறவர்களிடமும் கேட்டுப் பதில் போட்டிருக்கிறேன். உங்கள் உடம்புக்கு எது சரி என்பதை உங்களைப் பார்க்கிற டொக்டர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் என்ன கேட்பது, எதை மறைக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டு போவதற்குத்தான் இது.

ஞானப்பல் என்றால் எல்லாரையும் மயக்கித்தானே எடுப்பாங்க?

இல்லை. கொழும்பில் கிளினிக்குகளில் எடுக்கிற ஞானப்பற்களில் பெரும்பகுதி விறைப்பு ஊசி மட்டும் போட்டு எடுப்பவைதான். நீங்கள் முழு நினைவோடு கதிரையில் சாய்ந்திருப்பீர்கள். டொக்டர் பேசுவது கேட்கும், அழுத்தம் தெரியும், வலி மட்டும் தெரியாது.

அதற்கு அடுத்தபடி அரை மயக்கம். வாயு மூலமாகவோ கை நரம்பில் ஊசி மூலமாகவோ உங்களைத் தளர்த்திவிட்டு, வாயில் வழக்கமான விறைப்பு ஊசியையும் போடுவார்கள். மூன்றாவது முழு மயக்கம். பல் எலும்புக்குள் ஆழமாகக் கிடையாகப் படுத்திருந்தால், நான்கு பற்களையும் ஒரே தடவையில் எடுப்பதென்றால், வாய் சரியாகத் திறக்காவிட்டால், அல்லது கதிரையில் இருக்கவே முடியாத அளவு பயம் என்றால் அதைப் பேசுவார்கள். அதற்குத் தியேட்டரும் மயக்க மருந்து நிபுணரும் வேண்டும். இந்த மூன்றில் உங்களுக்கு எது என்பதை முதலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூச்சைப் பற்றிய பதில் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு.

ஊசி போட்டா தொண்டையும் விறைச்சு மூச்சு நின்னுடாதா?

நிற்காது. கீழ் ஞானப்பல்லுக்குப் போடும் ஊசி, கீழ்ப்பற்களுக்கும் உதட்டுக்கும் போகிற நரம்பையும், நாக்கின் அந்தப் பக்கத்துக்கு உணர்ச்சி கொடுக்கிற நரம்பையும்தான் பிடிக்கிறது. நாக்கை அசைப்பது வேறு நரம்பு. அதனால்தான் விறைத்துக் கட்டை போலத் தெரிகிற நாக்கையும் உங்களால் வெளியே நீட்ட முடிகிறது.

மூச்சை ஓட்டுவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற உதரவிதானம். அதற்குப் போகும் நரம்பு கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5 ஆம் வேர்களில் புறப்பட்டு நேராக நெஞ்சுக்குள் இறங்குகிறது. மூச்சு விடச் சொல்லும் கட்டளை மூளைத் தண்டிலிருந்து வருகிறது. தாடை மூலையில் செலுத்துகிற ஒரு குப்பி மருந்து ஏறத்தாழ 2 மில்லிலீற்றர். அது அந்த இடத்தைச் சுற்றித்தான் வேலை செய்கிறது. மாடியில் ஒரு அறையின் சுவிட்சை அணைத்தால் அந்த அறை லைட்தான் போகும், வீட்டு மெயின் சுவிட்ச் போகாது.

அப்படின்னா போன முறை எனக்கு எச்சில் விழுங்கவே முடியாம இருந்ததே, அது என்ன?

அந்த உணர்வு உண்மையானதுதான், நீங்கள் கற்பனை செய்யவில்லை. சில சமயம் மருந்து கொஞ்சம் பின்னால் பரவி மென்னண்ணத்தையும் (மேல்வாயின் பின்பக்கத்து மென்மையான பகுதி) தொண்டையின் ஒரு பக்கத்தையும் விறைக்க வைக்கும். அந்த இடம் உணர்ச்சி இழந்ததும், அங்கே ஏதோ வீங்கி அடைத்திருக்கிற மாதிரி மூளை நினைத்துக்கொள்கிறது. காற்றுப் போகிற வழி திறந்தேதான் இருக்கிறது, காற்று அதைத் தொட்டுப் போவதுதான் உங்களுக்குத் தெரிவதில்லை.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. மூக்கால் ஆறுதலாக இழுத்து, "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் எழுப்புங்கள். சத்தம் வந்தால் காற்று ஓடுகிறது. அப்புறம் விழுங்கிப் பாருங்கள், உணர்ச்சி குறைவாக இருந்தாலும் விழுங்க வரும். உதடும் நாக்கும் தெளிய இரண்டு முதல் நான்கு மணித்தியாலம் ஆகலாம். அதுவரை சூடாக எதையும் குடிக்க வேண்டாம். சுட்டாலும் தெரியாது, கடித்தாலும் தெரியாது.

ஊசி போட்ட உடனே நெஞ்சு படபடன்னு அடிச்சு மூச்சு வாங்கிச்சு. எனக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்ளாதா?

பெரும்பாலும் அது எட்ரினலின். லிக்னோகெயின் என்ற விறைப்பு மருந்து சீக்கிரம் கரைந்து போகாமல் இருக்கவும் இரத்தம் குறைவாக வரவும் அதில் எட்ரினலினைச் சிறிய அளவில் கலந்திருப்பார்கள். அதில் கொஞ்சம் இரத்தத்தில் கலந்தால் இதயம் வேகமாக அடிக்கும், கை நடுங்கும், ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். உங்கள் சொந்தப் பயமும் இதே எட்ரினலினைத்தான் சுரக்கும் என்பதால் இரண்டும் சேர்ந்து பெரிதாகத் தெரியும். பிரெஷர், இதய வருத்தம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மருந்தையும் அளவையும் அதற்கேற்ப மாற்றலாம்.

உண்மையான அலர்ஜி அரிது. உடம்பில் தடிப்பு, அரிப்பு, உதடோ கண்ணோ வீங்குவது, இழுப்புச் சத்தம், இவை எதுவும் வந்திருந்தால் அதை "படபடப்பு" என்று சுருக்கிச் சொல்லாமல் நடந்ததை நடந்தபடியே சொல்ல வேண்டும்.

வாயை அவ்வளவு நேரம் திறந்து வச்சிருந்தா எதால மூச்சு விடுறது? தண்ணி வேற உள்ள போகுமே?

இதற்குப் பதில் சொல்ல எனக்கு உரிமை உண்டு, அந்தத் தண்ணீரை எடுப்பது நான்தான். மூக்கால் மூச்சு விடுங்கள். வாய் திறந்திருக்கும்போது மூக்கால் மூச்சு விட்டால் நாக்கின் அடிப்பகுதியும் மென்னண்ணமும் ஒன்றை ஒன்று தொட்டு வாயின் பின்பக்கத்தை மூடிக்கொள்ளும். தண்ணீர் வாய்க்குள் தேங்கி நிற்கும், காற்று அதற்குப் பின்னால் மூக்கு வழியாகப் போய் வரும். வாயால் மூச்சு இழுக்கிறவர்களுக்குத்தான் இருமல் வருகிறது, ஏனென்றால் இழுக்கிற ஒவ்வொரு தடவையும் அந்தக் கதவு திறக்கிறது.

இது பழக்கத்தில் வருகிற விஷயம். வீட்டில் ஒரு மிடறு தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணாடி முன்னால் கொஞ்சம் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து, மூக்கால் மூச்சு விட்டுப் பாருங்கள். முதல் தடவை சிரிப்பு வரும். இரண்டு மூன்று நாள் செய்தால் கதிரையில் யோசிக்காமலே வரும்.

டிரில்லுக்குத் தண்ணீர் ஏன் என்றால், எலும்பு சூடாகக் கூடாது. அது வருகிற வேகத்துக்கு சக்‌ஷன் இழுத்துக்கொண்டே இருக்கும். தாடை களைத்துப்போனால் பற்களுக்கு நடுவில் வைக்க ரப்பர் கட்டை ஒன்று உண்டு, கேட்டால் வைப்பார்கள். முழுதாகப் படுக்க முடியாதென்றால் கதிரையைக் கொஞ்சம் நிமிர்த்தச் சொல்லுங்கள். டொக்டரின் முதுகுக்குச் சிரமம், ஆனால் செய்வார்கள்.

எனக்குப் பீனிசம். மூக்கு எப்பவும் அடைச்சுத்தான் இருக்கும். அப்போ?

அப்படியானால் மேலே சொன்னது உங்களுக்குப் பாதிதான் உதவும். நாள் குறிக்கும்போதே சொல்லுங்கள். அடைப்பு எந்த நேரத்தில் குறைவோ அந்த நேரத்துக்குப் போடலாம், மூக்குச் சொட்டு மருந்து விடலாமா என்று டொக்டர் பார்ப்பார், நிமிர்ந்த நிலையில் அடிக்கடி நிறுத்தி நிறுத்தியும் எடுக்கலாம். கடும் தடிமனோடு வந்தால் தள்ளிப்போடுவதே நல்லது. முழு மயக்கம் என்றால் இது இன்னும் முக்கியம். தடிமனும் இருமலும் வந்த பிறகு சில வாரங்களுக்கு மூச்சுக்குழாய் கூச்சத்தோடு இருக்கும், மயக்கத்தில் அது சட்டென்று இறுகலாம். "லீவு போட்டுட்டேன், எப்படியாவது செய்யுங்க" என்று வற்புறுத்த வேண்டாம்.

பல்லுத் துண்டு தொண்டைக்குள்ள போயிட்டா?

பெரிய ஞானப்பல்லைத் துண்டு துண்டாக வெட்டித்தான் எடுப்பார்கள், அதனால் இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. நாக்குக்குப் பின்னால் கோஸ் துணி வைப்பதும் சக்‌ஷன் பிடிப்பதும் இதற்காகத்தான். நீங்கள் நினைவோடு இருந்தால் உங்கள் இருமலே முதல் காவல். விறைப்பு ஊசி அதை அணைப்பதில்லை.

தவறி விழுங்கினால் பெரும்பாலும் வயிற்றுக்குள் போய் வெளியேறிவிடும். ஆனால் துண்டு ஒன்று கணக்கில் வராமல், உங்களுக்கு இருமலோ இழுப்போ இருந்தால் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். இருமல் தானாக நின்றுவிட்டது என்று வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

எனக்குப் பயம் வந்தாலே மூச்சு முட்டும், விரலெல்லாம் கூசும். நடுவில வந்தா என்ன செய்வேன்?

வேகவேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமிலவாயு குறைகிறது. விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் கூசுவது, தலை லேசாவது எல்லாம் அதனால்தான். விசித்திரம் என்னவென்றால், மூச்சு போதவில்லை என்று தோன்றும் அந்த நேரத்தில் நீங்கள் தேவைக்கு மேல் விட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஆழமாக இழுக்க முயன்றால் கூடும். மெதுவாக நீளமாக வெளியே விடுங்கள், மனதில் நான்கு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே.

தொடங்குவதற்கு முன் ஒரு சைகையை ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். கையைத் தூக்கினால் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். எந்தக் கை என்பதையும் பேசிவைத்துவிடுங்கள், டொக்டர் நிற்கும் பக்கத்துக் கையைத் தூக்கினால் கருவியில் இடித்துவிடும். ஒரு தடவை சும்மா தூக்கிச் சோதித்தும் பார்க்கலாம். நிறுத்துகிறார்கள் என்று தெரிந்ததுமே பலருக்குப் பாதிப் பயம் போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

டொக்டருக்குத் தமிழ் தெரியாது. மூச்சுக் கஷ்டம்னு எப்படிச் சொல்றது?

வாய் திறந்திருக்கும்போது எந்த மொழியும் உதவாது, மேலே சொன்ன கைதான். வாய் மூடியிருக்கும்போது "ஹுஸ்ம கன்ன அமாருய்" என்றால் சிங்களத்தில் மூச்செடுக்கக் கஷ்டம். ஆனால் பழைய வருத்தங்கள், குடிக்கிற மாத்திரைகள், முன்பு மயக்கத்தில் நடந்தவை ஆகியவற்றை அரைகுறைச் சைகையில் சொல்ல முடியாது. அவற்றை ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ ஒரு தாளில் யாரையாவது கொண்டு எழுதி எடுத்துப் போங்கள். மாத்திரை அட்டைகளையே பையில் போட்டுக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

எனக்குத் தொய்வு இருக்கு. பல்லு எடுக்கலாமா?

கட்டுப்பாட்டில் இருந்தால் தாராளமாக எடுக்கலாம். பம்பைக் கையில் கொண்டு வாருங்கள், வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டாம். கடைசியாக எப்போது இழுத்தது, எப்போதாவது வாட்டில் நிற்க வேண்டி வந்ததா, ஸ்டெரொய்ட் மாத்திரை குடிக்கிறீர்களா என்று கேட்பார்கள். எட்ரினலின் கலந்த ஊசி மருந்துகளில் சல்பைட் என்ற பாதுகாப்புப் பொருள் இருக்கும். தொய்வுக்காரரில் மிகச் சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது, அவர்களுக்கு எட்ரினலின் இல்லாத மருந்து உண்டு.

உண்மையில் அதிகம் கவனிக்க வேண்டியது பல் எடுத்த பிறகு குடிக்கிற வலி மாத்திரையை. இபுபுரோஃபென், டைக்ளோஃபெனக், மெஃபனமிக் அசிட், அஸ்பிரின் ஆகியவை தொய்வுக்காரர் சிலருக்கு இழுப்பைக் கிளப்பும். முன்பு அப்படி நடந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த வலி மாத்திரை இந்த இடத்தில் வேண்டவே வேண்டாம்.

அரை மயக்கம்தானே, அதுதான் பாதுகாப்பு. பாதி தூக்கம், பாதி விழிப்பு?

பெயரைக் கேட்டு அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். என் கருத்தில், மூச்சைப் பற்றி மிக அதிகமாகக் கேள்வி கேட்க வேண்டியது இந்த நடுவகையில்தான். விறைப்பு ஊசியில் உங்கள் மூச்சை நீங்களே பார்த்துக்கொள்கிறீர்கள். முழு மயக்கத்தில் அதற்கென்றே ஒரு நிபுணர் நிற்கிறார். நடுவில் யார் பார்க்கிறார்கள் என்பதை நீங்கள் கேட்டால்தான் தெரியும்.

வாயு வகை லேசானது. மூக்கின் மேல் ஒரு மூடி வைத்து நைட்ரஸ் ஒக்சைட்டை ஒக்சிஜனோடு கலந்து கொடுப்பார்கள், நிறுத்தினால் சில நிமிடத்தில் தெளிந்துவிடும். மூக்கடைப்பு இருந்தால் சரிவராது. (பழைய சரக்கு இது. 1844 டிசம்பர் 11 அன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹொரஸ் வெல்ஸ் என்ற பல் வைத்தியர் இந்த வாயுவை இழுத்துக்கொண்டு, ஜோன் ரிக்ஸ் என்ற இன்னொரு பல் வைத்தியரைக் கொண்டு தன் ஞானப்பல்லையே பிடுங்கிப் பார்த்தார். மயக்க மருந்தின் வரலாறே ஏறத்தாழ உங்கள் பிரச்சினையில்தான் தொடங்குகிறது.)

கை நரம்பில் போடுவது பெரும்பாலும் மிடசோலம் என்ற தளர்த்தி விடும் மருந்து. கூப்பிட்டால் பதில் சொல்கிற நிலையில் வைத்திருப்பதுதான் நோக்கம். அளவு கூடினாலோ வேறு வலி மருந்தோடு சேர்ந்தாலோ மூச்சு மெதுவாகும், நாக்கு பின்னால் சரியும். வயதானவர்களுக்குக் குறைந்த அளவே போதும். ஆகவே கேளுங்கள்: விரலில் ஒக்சிஜன் அளவு காட்டும் கருவி மாட்டுவீர்களா? பல் எடுக்கிறவரைத் தவிர என்னைப் பார்க்கத் தனியாக ஒருவர் இருப்பாரா? ஒக்சிஜனும் மருந்தை முறிக்கும் ஃப்ளூமசெனிலும் அறையிலேயே இருக்கிறதா? கேட்டதற்காகக் கோபப்படுகிற இடமென்றால் வேறு இடம் பாருங்கள்.

பயத்துக்கு வீட்டிலேயே ஒரு தூக்க மாத்திரை போட்டுட்டு வரலாமா?

கூடாது. போட்டுவிட்டீர்கள் என்றால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். முதல் நாள் இரவு குடித்த சாராயமும் இதில் அடக்கம். அவற்றின் மேல் அரை மயக்க மருந்து ஏறினால் என்ன ஆகும் என்பதை மேலேயே சொல்லிவிட்டேன்.

முழு மயக்கத்தில மூச்சு நிற்குமாமே? உண்மையா?

உண்மை. பொய் சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த விரும்பவில்லை. மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் போட்டதும் நீங்களாக மூச்சு விடுவது நிற்கும், எதிர்பார்த்து, திட்டமிட்டுச் செய்வது அது. அதற்கு முன்பே முகத்தில் மூடி வைத்து ஒக்சிஜன் கொடுத்து நுரையீரலை நிரப்புவார்கள். ஆரோக்கியமான ஒருவருக்கு அதுவே சில நிமிடத்துக்குக் கையிருப்பு. அப்புறம் மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாய் இறக்கி, இயந்திரம் மூச்சுக் கொடுக்கும். வாயில் வேலை நடப்பதால் அந்தக் குழாயைப் பெரும்பாலும் மூக்கு வழியாக விடுவார்கள். குழாயைச் சுற்றிச் சிறு பலூன் ஊதியிருக்கும், தொண்டையில் ஈரத்துணி அடைத்திருப்பார்கள். இரத்தமோ தண்ணீரோ நுரையீரலுக்குள் இறங்காது. அந்தத் துணியை எழுப்புவதற்கு முன் எடுத்தார்களா என்று எண்ணிச் சரிபார்ப்பது தியேட்டர் ஒழுங்கு.

நிபுணர் முழு நேரமும் தலைமாட்டில் இருப்பார். விரலில் ஒக்சிஜன் அளவு ஓடும். நீங்கள் வெளியே விடும் ஒவ்வொரு மூச்சிலும் இருக்கும் கரியமிலவாயு திரையில் ஒரு கோடாக எழும்பி இறங்கும். குழாய் விலகினால் முதலில் தெரிவது அந்தக் கோட்டில்தான். முடிந்ததும் தளர்த்தும் மருந்தை முறித்து, நீங்களாக மூச்சு விடுவதைப் பார்த்த பிறகுதான் குழாயை எடுப்பார்கள்.

காலையில ஒரு பிளேன்டீ குடிச்சா என்ன?

விறைப்பு ஊசி மட்டும் என்றால் பிளேன்டீ மட்டும் போதாது, நன்றாகச் சாப்பிட்டுவிட்டே வாருங்கள். வெறும் வயிற்றோடு வந்து கதிரையில் தலை சுற்றி விழுகிறவர்கள் பலர், அப்புறம் பழி ஊசிமேல் விழும்.

முழு மயக்கம் என்றால் கதை வேறு. பொதுவான விதி, சாப்பாட்டுக்கும் பால் கலந்த எதற்கும் ஆறு மணித்தியாலம், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணித்தியாலம். பால் தேநீர் சாப்பாட்டுக் கணக்கு. பால் இல்லாத பிளேன்டீ தண்ணீர்க் கணக்கில் வரலாம், ஆனால் உங்கள் வைத்தியசாலை நள்ளிரவுக்குப் பிறகு ஒன்றும் வேண்டாம் என்றிருந்தால் அதைத்தான் கேட்க வேண்டும். மயக்கத்தில் இருமலும் விழுங்குவதும் அணைந்துவிடும், வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நேராக நுரையீரலுக்குப் போகும். சாப்பிட்டுவிட்டால் சொல்லுங்கள். நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அரை மயக்கத்துக்கு விதி இடத்துக்கு இடம் மாறும், கேட்டு வையுங்கள். பிரெஷர், நீரிழிவு மாத்திரைகளை அன்று காலை என்ன செய்வது என்பதையும் அப்போதே கேளுங்கள்.

வெற்றிலை, சிகரெட், குறட்டை இதையெல்லாம் ஏன் கேட்கிறாங்க?

மூன்றும் மூச்சுப்பாதைக் கேள்விகள். பாக்கோடு வெற்றிலை நீண்டகாலம் போட்டால் கன்னத்தின் உட்புறம் நார்போல இறுகி, வாய் திறக்கும் அளவு வருஷா வருஷம் குறையும். உங்கள் மூன்று விரலை நெட்டாக முன்பற்களுக்கு நடுவில் வைத்துப் பாருங்கள். போகவில்லை என்றால் குழாய் இறக்கச் சிரமம், நிபுணர் மெல்லிய கமெராக் குழாய் போன்ற ஏற்பாடுகளை முன்பே செய்ய வேண்டியிருக்கும். தியேட்டரில் போய்த் தெரியவந்தால் எல்லோருக்கும் கஷ்டம். வாய் இறுகியிருந்தால் ஞானப்பல்லை விடுங்கள், அந்த இறுக்கத்தையே முதலில் காட்டுங்கள், அது பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடியது.

சத்தமாகக் குறட்டை விட்டு இடையில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழும்புகிறவர்களுக்கு அரை மயக்கத்திலும் அதே அடைப்பு வரும். இதை நோயாளி சொல்வதில்லை, பக்கத்தில் படுக்கிறவர்தான் சொல்ல வேண்டும். ஆகவே மனைவியையோ கணவரையோ கூட்டி வாருங்கள். சிகரெட்டை எவ்வளவு முன்பே நிறுத்துகிறீர்களோ அவ்வளவு நல்லது. பல் எடுத்த பிறகும் சில நாள் தொடவே கூடாது, குழி காய்ந்து தாங்கமுடியாமல் வலிக்கும்.

மூக்குத்தி, தாலிக்கொடி, மருதாணி?

மூக்குத்தியைக் கழற்ற வேண்டும், குழாயே மூக்கு வழியாகப் போகிறது. பல வருஷம் கழற்றாதது என்றால் முதல் நாளே தட்டாரிடம் போய் எடுத்துவிடுங்கள். தாலியைப் பற்றி வாட்டில் நேர்ஸிடம் முன்பே பேசுங்கள், கழற்ற மனமில்லை என்றால் என்ன செய்யலாம் என்று சொல்வார்கள். விரல் நுனியில் அடர்ந்த மருதாணியும் நகப்பூச்சும் ஒக்சிஜன் கருவியைக் குழப்பலாம். கல்யாணத்துக்கு மறுநாள் நாள் குறிக்காதீர்கள்.

என் சித்தப்பாவுக்கு ஒப்பரேஷனுக்குப் பிறகு மூச்சு வரவே இல்லையாம், மெஷினில வச்சிருந்தாங்களாம். எனக்கும் அப்படி ஆகுமா?

சொல்ல வேண்டிய மிக முக்கியமான விஷயமே இதுதான். சிலரின் இரத்தத்தில், தசையைத் தளர்த்தும் ஒரு மருந்தை உடைக்கிற நொதி பரம்பரையாகவே குறைவு. சில நிமிடத்தில் போக வேண்டிய மருந்து மணித்தியாலக்கணக்கில் நிற்கும், அதுவரை இயந்திரம் மூச்சுக் கொடுக்க வேண்டும். இன்னொரு பரம்பரைக் குறையில் சில மயக்க மருந்துகளால் உடல் வெப்பம் அபாயமாக ஏறும். இரண்டுமே அரிது. முன்பே தெரிந்தால் அந்த மருந்துகளைத் தவிர்த்து வேறு மருந்தில் செய்யலாம்.

சித்தப்பாவின் பழைய துண்டோ டயக்னோசிஸ் கார்டோ கிடைத்தால் கொண்டு போங்கள். கிடைக்காவிட்டாலும் நடந்ததைச் சொல்லுங்கள். விறைப்பு ஊசியில் மட்டும் எடுப்பதென்றால் இந்த இரண்டும் உங்களைத் தொடாது.

வீட்டுக்கு வந்த பிறகு தொண்டை நோகுது, முகம் வீங்குது. எப்போ பயப்படணும்?

முழு மயக்கத்துக்குப் பிறகு ஓரிரு நாள் தொண்டை கரகரப்பு, மூக்கிலிருந்து துளி இரத்தம், இவை குழாயின் வேலை. கன்ன வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கும். மேல் ஞானப்பல் எடுத்திருந்தால் மூக்கைப் பலமாகச் சீறாதீர்கள், பக்கத்திலேயே சைனஸ் அறை இருக்கிறது.

எச்சிலையே விழுங்க முடியாமல் வாயிலிருந்து வடிவது, குரல் மாறி வாய்க்குள் ஏதோ வைத்துப் பேசுவது போலக் கேட்பது, நாக்கு மேலே தூக்கப்படுவது, வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துக்கு இறங்குவது, படுத்தால் மூச்சு முட்டுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். தொற்று நாக்குக்கு அடியில் பரவினால் சில மணித்தியாலத்தில் மூச்சுப்பாதையை அடைக்கும். அந்த நேரத்தில் பல் கிளினிக்குக்குப் போன் அடித்துக்கொண்டிருக்காமல் 1990 சுவசெரியா அம்புலன்ஸை அழையுங்கள், இலவசம். ஆளைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி இருத்துங்கள். எந்தப் பல், எந்த நாள், என்ன மாத்திரை என்பதை வருகிறவர்களிடம் சொல்லத் துண்டைக் கையில் எடுத்து வையுங்கள்.